வந்தபின் கோடி, வருமுன் கோப்பு!

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மும்பை சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 94 சென்டி மீட்டர் மழை கொட்டியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது.

இரண்டு மழைக்கும் இடையே 18 ஆண்டுகள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேற்பட்ட ரெயில் பயணம். ஆனால் இரண்டு வெள்ளத்திலும் அடிபட்ட குடும்பங்கள் பல ஒரே குடும்பங்கள்தான். தாராவியிலும் சயானிலும் குர்லாவிலும் செம்பூரிலும் பிழைக்க வந்த தமிழர்களில் பலர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர்கள். 2005-ல் அவர்களுடைய சால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023-ல் அவர்களுடைய ஊர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே வயதான தாய் தந்தையர் மாடியில்லாத வீட்டில் தவித்தனர். இங்கே மகன் தொலைபேசியை வைத்துக்கொண்டு தவித்தான்.

வெள்ளம் வடிந்ததும் எழுந்த கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே: அரசாங்கம் என்ன தரும்? எந்த அரசாங்கம் தரும்? மத்திய அரசா, மாநில அரசா, மாநகராட்சியா?

கேள்வி ஒன்றாக இருந்தாலும் கோளாறு ஒன்றல்ல. தூத்துக்குடியில் பணமே சண்டையாகிவிட்டது. மும்பையில் பணத்தைவிட இடமும் கையெழுத்தும் கணக்கும்தான் தட்டுப்பாடு. வெள்ளத்துக்காக அரசுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. ஒத்துழைப்பு என்றால் ரூபாய் மட்டும் என்று நினைப்பதால்தான் ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

மித்தி ஆறு யாருக்குச் சொந்தம்?

மித்தி ஆறு நீளமான ஆறு அல்ல. சுமார் 18 கிலோ மீட்டர்தான். விகார் ஏரி நிரம்பி வழியும் தண்ணீரில் பிறக்கிறது. பவாய் ஏரியின் உபரி நீரும் அதில் சேருகிறது. சாக்கி நாக்கா, குர்லா, கலினா வழியாக வந்து, பாந்திரா-குர்லா வளாகத்தைத் தொட்டு, தாராவியின் ஓரமாக ஓடி, மாகிம் கழிமுகத்தில் கடலில் விழுகிறது. நடந்தே ஒரு நாளில் கடந்துவிடலாம்.

ஆனால் இந்தச் சிறிய ஆற்றுக்கு எஜமானர்கள் எத்தனை பேர்! தலையில் உள்ள ஏரி மாநகராட்சியுடையது. நடுவில் ஆறு விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து போகிறது. அந்த நிலம் மத்திய அரசின் அமைப்புக்குச் சொந்தம். குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே மழைத் தண்ணீர் கடக்க வேண்டிய தண்டவாள மதகுகள் ரெயில்வேயுடையவை. மதகின் இரு பக்கமும் உள்ள நாலா மாநகராட்சியுடையது. முகத்துவாரத்தில் சதுப்பு நிலத்தை மேடாக்கி அலுவலகக் கட்டிடங்களை எழுப்பியது மாநில அரசின் கீழ் உள்ள பெருநகர வளர்ச்சி ஆணையம்.

2005 வெள்ளத்தில் மராட்டியம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில், மித்தி ஆற்றுக்கென்று தனி ஆணையம் அமைக்கப்பட்டது. முதல்-மந்திரியே அதற்குத் தலைவர். நீர்ப்பாசன நிபுணர் மாதவ் சித்தலே தலைமையிலான கமிட்டி, வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்து 2006 மார்ச்சில் அறிக்கை தந்தது. எல்லாம் சரிதான்.

ஆனால் வேலை என்று வந்தபோது ஆறு மீண்டும் துண்டு போடப்பட்டது. கடலை ஒட்டிய 6 கிலோ மீட்டர் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கு. மேலே உள்ள சுமார் 12 கிலோ மீட்டர் மாநகராட்சிக்கு. தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடு தெரியுமா? மேலே அகலப்படுத்தி கீழே குறுகலாக விட்டாலும், கீழே ஆழப்படுத்தி மேலே தூர் விட்டுவைத்தாலும் பலன் ஒன்றுதான். குர்லா கிராந்தி நகரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

அப்படித்தான் நடந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி குர்லாவில் மித்தி ஆறு 3.9 மீட்டர் உயரத்தைத் தொட்டது. கிராந்தி நகரில் இருந்து நூற்றுக்கணக்கானோரை அவசரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. பெருவெள்ளம் வந்து 20 ஆண்டுகள் ஆன பிறகும் நிலைமை இது!

கடல் கதவைச் சாத்தும்போது...

மும்பையில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் கடலில் போய்ச் சேரும் வாய்கள் 186 என்று மாநகராட்சிக்காகத் தயாரான பழைய திட்டக் கணக்கு சொல்கிறது. அவற்றில் கடலின் உயர் அலை மட்டத்துக்கு மேலே இருப்பவை 6 மட்டுமே. மற்றவற்றின் வாயைக் கடல் ஏறும்போது கடலே அடைத்துவிடும். அந்த நேரத்தில் மழையும் கொட்டினால் தண்ணீர் திரும்பி நகரத்துக்குள்தான் வரும். 2005 ஜூலை 26-ந் தேதி பிற்பகலில் அதுதான் நேர்ந்தது. அலை சுமார் நாலரை மீட்டர் எழும்பிய அதே வேளையில் மழையும் உச்சத்தில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கால்வாய்களோ, அலை தாழ்ந்திருக்கும்போது மணிக்கு 25 மில்லி மீட்டர் மழையைத் தாங்கவே கட்டப்பட்டவை.

இதற்கு மருந்தும் அப்போதே தெரிந்திருந்தது. 1985-ல் ஒரு வெள்ளம் வந்தது. அதன் பிறகு நிபுணர்களை வைத்து நகரத்தின் கால்வாய்களை எல்லாம் அளந்தார்கள். 1993-ல் அறிக்கை வந்தது. மணிக்கு 50 மில்லி மீட்டர் மழையைத் தாங்கும்படி கால்வாய்களைப் பெரிதாக்க வேண்டும். கடல் ஏறும்போது தண்ணீரை இறைத்து வெளியே தள்ள பம்பிங் நிலையங்கள் வேண்டும் என்று அந்த அறிக்கை கூறியது. 'பிரிம்ஸ்டோவாட்' என்று அதற்குப் பெயர். சுமார் 600 கோடி ரூபாய் வேலை. பணம் இல்லை என்று பெரும்பகுதியைக் கிடப்பில் போட்டார்கள்.

2005 வந்தது. கோப்பு தூசி தட்டப்பட்டது. 2007-ல் மத்திய அரசு சுமார் 1,200 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 600 கோடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை 1,200 கோடியாகி, பிறகு அதையும் பல மடங்கு தாண்டியது. வருமுன் செய்யாத வேலைக்கு வந்தபின் கொடுக்கும் வட்டி இது. அந்த வட்டியில் உயிர்களும் அடங்கும்.

மாகுல் சொல்லும் பாடம்

எட்டு பம்பிங் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லாந்து, பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறும் 2010-ஐ ஒட்டித் தொடங்கி 2019-க்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அவை ஓடும் பகுதிகளில் தண்ணீர் வடியும் நேரம் குறைந்தது.

ஆனால் மாட்டுங்கா, கிங்சர்க்கிள், சயான், வடலா, குர்லா, செம்பூர் என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளுக்கு உதவ வேண்டிய மாகுல் பம்பிங் நிலையம் மட்டும் ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே கிடந்தது. காரணம் என்ன? பணம் இல்லையா? இயந்திரம் இல்லையா?

இரண்டும் இல்லை. மாநகராட்சி கேட்ட இடம் உப்பள நிலம். உப்பள நிலம் மத்திய அரசின் உப்பு கமிஷனர் பொறுப்பில் உள்ளது. உப்பு கமிஷனரின் தலைமையகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. மும்பையில் தண்ணீர் நின்றது; டெல்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் கடிதம் நடந்தது. கடைசியில் தனியார் நிலம் ஒன்றை மாற்றிக்கொண்டு காரியத்தை முடிக்க முடியுமா என்று மாநகராட்சி வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

கிங்சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் ஒரு குமாஸ்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார் என்றால், அதற்கு ஒரு காரணம் வானத்தில் இருக்கிறது. இன்னொரு காரணம் ஏதோ ஓர் இலாகாவின் மேஜையில் இருக்கிறது. வானத்துக்குக் கட்டளையிட முடியாது. மேஜைக்குக் கட்டளையிடலாம் அல்லவா?

பணத்துக்குப் பஞ்சமா?

மும்பை மாநகராட்சி நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி. 2025-26-ஆம் ஆண்டுக்கான அதன் பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். பல சிறிய மாநிலங்களின் பட்ஜெட்டை விடப் பெரிய தொகை. நாலாக்களைத் தூர் வாருவதற்கு மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 200 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பணம் எங்கே போயிற்று? 2025 மே மாதத்தில் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு ஒரு வழக்கைப் பதிவு செய்தது. மித்தி ஆற்றில் தூர் வாரியதாகக் கணக்குக் காட்டியதில் மாநகராட்சிக்கு சுமார் 65 கோடி ரூபாய் இழப்பு என்பது குற்றச்சாட்டு. உண்மை கோர்ட்டில் தெரியவேண்டும். ஆனால் ஒன்று மட்டும் இப்போதே தெரிகிறது. எத்தனை லாரி சேறு வெளியே போயிற்று என்பதைப் பொதுமக்கள் பார்த்துச் சரிபார்க்க வழி இருந்திருந்தால், இப்படி ஒரு குற்றச்சாட்டு எழுவதற்கே இடம் குறைந்திருக்கும்.

கேட்கவேண்டியவர்களும் பல ஆண்டுகள் இல்லை. 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடக்கவில்லை. நாலா அடைத்தால் வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமைகூட அந்தக் காலத்தில் சால்வாசிக்கு இல்லாமல் போயிற்று. ஆயிரக்கணக்கான கோடி ரூபாயை அதிகாரிகள் மட்டுமே செலவு செய்தனர்.

ஆகவே மும்பை வெள்ளத்துக்கு இன்னும் இத்தனை கோடி வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், கொடுத்த கோடிக்குக் கணக்கு வேண்டும் என்று கேட்பதே முறை.

தூத்துக்குடியில் நடந்தது

தெற்கே கதை வேறு. 2023 டிசம்பரில் முதலில் 'மிச்சாங்' புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கின. தாமிரபரணி கரைபுரண்டது. குளங்கள் உடைத்துக்கொண்டன. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது.

இரண்டு பேரிடர்களுக்கும் சேர்த்து 37 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய பேரிடர் நிதியில் இருந்து விடுவித்தது சுமார் 276 கோடி ரூபாய். 37 ஆயிரம் எங்கே, 276 எங்கே! தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அரசியல் மேடைகளில் அனல் பறந்தது.

இந்த இடைவெளிக்கு அரசியல் மட்டும் காரணம் அல்ல. இரண்டு அரசுகளும் இரண்டு வெவ்வேறு கணக்குகளைப் போடுகின்றன. மாநில அரசு கேட்பது மொத்த நஷ்டம். உடைந்த சாலை, பாலம், குளம், மின்கம்பம், வீடு எல்லாவற்றையும் திரும்பக் கட்டுவதற்கான தொகை. மத்திய நிதி தருவது உடனடி நிவாரணம். அதுவும் இன்ன பொருளுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த விகிதப்படி. போதாததற்கு, மாநில பேரிடர் நிதியில் கையிருப்பு இருந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். 2024-ல் இரண்டு பேரிடர்களுக்கும் ஒப்புதல் ஆனது 682 கோடி ரூபாய். கழிவு போகக் கைக்கு வந்தது 276 கோடி.

அளவுகோலே வேறாக இருக்கும்போது, யார் ஆட்சியில் இருந்தாலும் சண்டை வந்தே தீரும். சண்டை போடும் இரு தரப்பினருக்கும் சம்பளம் நிற்பதில்லை. சுவர் விழுந்த வீட்டுக்காரனுக்குத்தான் காலம் நிற்கிறது.

தமிழக அரசு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்ததால் பணம் விரைவில் போய்ச் சேர்ந்தது. அது நல்ல காரியம். ஆனால் அது சோற்றுக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். இடிந்த சுவருக்கு ஆகாது. அந்தச் சுவரை எழுப்பியது பல வீடுகளில் மும்பையில் இருந்தும் வேறு ஊர்களில் இருந்தும் போன பிள்ளைகளின் சம்பளம்தான்.

வருமுன் காக்கும் பணம்

வெள்ளம் வரும் முன்னே செலவு செய்யப் பணமே கிடையாதா? உண்டு. 15-வது நிதி கமிஷன் அதற்கு வழி செய்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்கென்று 1,60,153 கோடி ரூபாயை அது சிபாரிசு செய்தது. சாதாரண மாநிலங்களுக்கு இதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது. கால் பங்கு மாநிலத்துடையது. மலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் மத்திய பங்கு பத்தில் ஒன்பது. மாநிலங்களிலேயே அதிகத் தொகை மராட்டியத்துக்குத்தான்.

அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்து, பேரிடர் வராமல் தடுக்கும் வேலைக்கே செலவிட வேண்டும் என்றும் கமிஷன் கூறியது. நிவாரணத்துக்கு மட்டுமே இருந்த உண்டியலில் தடுப்புக்கென்று தனி அறை போடப்பட்டது அப்போதுதான். நகர வெள்ளத்தைத் தடுக்க ஏழு பெரிய நகரங்களுக்கு 2,500 கோடி ரூபாயையும் சிபாரிசு செய்தது. மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500 கோடி. பெங்களூர், ஐதராபாத், ஆமதாபாத், புனேவுக்குத் தலா 250 கோடி.

யோசனை அருமையானது. நிறைவேறிய வேகம்? ஐந்தாண்டுக் கணக்கு தொடங்கியது 2021 ஏப்ரலில். சென்னைக்கான திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது 2023 டிசம்பரில். அதற்குள் புயல் வந்துவிட்டது. மற்ற நகரங்களுக்கு அதற்கும் பிறகு. இடிந்ததைத் திரும்பக் கட்டுவதற்கென்று கமிஷன் தனியே ஒதுக்கச் சொன்ன பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற விதிமுறை வெளியானது 2024 ஆகஸ்டில். அதாவது நாலாவது ஆண்டில்! நெல்லையிலும் தூத்துக்குடியிலும் சுவர்கள் விழுந்து எட்டு மாதம் ஆன பிறகு.

பணம் ஒதுக்குவது ஓர் ஆண்டு. விதி எழுதுவது மூன்று ஆண்டு. திட்டம் அனுப்புவது ஓர் ஆண்டு. மழைக்கு மட்டும் ஆண்டுதோறும் ஜூன் மாதம் தவறுவதில்லை.

குடிசைக்கு நிவாரணம் உண்டா?

இனி மிக முக்கியமான விஷயம். நிவாரணம் வந்தாலும் அது யாருக்கு?

2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிகளின்படி, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் வீடு முழுவதும் இடிந்தால் 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். இந்த விகிதங்களோடு சிறு எழுத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. சேதமான வீடு அங்கீகாரம் பெற்ற கட்டிடமாக இருக்க வேண்டும்; அதற்கு அதிகாரியின் சான்று வேண்டும்.

மும்பையில் மித்திக் கரையிலும் நாலா ஓரத்திலும் எத்தனை வீடுகளுக்கு அப்படிச் சான்று இருக்கும்? குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீட்டுக்கு 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி எல்லை. பணம் கட்டி வீடு பெற 2011 ஜனவரி 1-ந் தேதி எல்லை. அதற்குப் பிறகு வந்தவர் கணக்கிலேயே இல்லை. மாடியில் உள்ள வாடகைக்காரர் கணக்கில் இல்லை. தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்துவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுக்கும் தொழிலாளி எந்தக் கணக்கிலும் இல்லை. தண்ணீர் மட்டும் அவனைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

அவனுடைய ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. அவன் மும்பையில் இருக்கிறான். மும்பையில் வெள்ளம் வந்தால் 'அட்டை எங்கே?' என்கிறார்கள். ஊரில் வெள்ளம் வந்தால் 'ஆள் எங்கே?' என்கிறார்கள். இரண்டு ஊர்களிலும் வரி கொடுக்கிறவன். ஒவ்வொரு தீப்பெட்டியிலும் சோப்பிலும் வரி கொடுக்கிறவன். நிவாரணப் பட்டியலில் மட்டும் இரண்டு ஊருக்கும் அந்நியன்!

வெள்ள நிவாரணம் நிலப்பட்டா வழங்கும் காரியம் அல்ல. நனைந்தவனுக்குப் போர்வை கொடுப்பதால் அவனுக்கு நிலத்தில் உரிமை வந்துவிடாது. வீட்டின் அங்கீகாரம் ஒரு வழக்கு. மனிதனின் பசி இன்னொரு வழக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டுவது நியாயம் அல்ல.

குடிசைதான் குற்றவாளியா?

'குடிசைகள்தான் ஆற்றை அடைக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் வெள்ளம் வராது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கரையை நெருக்கிக் கட்டிய வீடுகள் ஆற்றைக் குறுக்கியிருக்கின்றன. நாலாவில் கொட்டும் பிளாஸ்டிக்கும் குப்பையும் அடைப்புக்குக் காரணம். அதில் அங்கே வாழ்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதை மறைத்துப் பயன் இல்லை.

ஆனால் ஆற்றைக் குறுக்கியவர்கள் அவர்கள் மட்டும்தானா? ஓடுபாதைக்காக ஆற்றின் போக்கு வளைக்கப்பட்டது. முகத்துவாரச் சதுப்பில் மண் கொட்டிக் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அவற்றுக்கு அங்கீகாரம் உண்டு. தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆற்றின் ஓரத்தில் இருப்பவர்களை அப்புறப்படுத்தத்தான் வேண்டும் என்றால், வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் வீடு கொடுத்துவிட்டு அப்புறப்படுத்துவதே தீர்வு. தொலைவில் தள்ளினால் ஆறு மாதத்தில் வேறொரு நாலா ஓரத்தில் புதுக் குடிசை முளைக்கும்.

'94 சென்டி மீட்டர் மழையை எந்த ஊர்க் கால்வாய் தாங்கும்?' என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எந்தக் கால்வாயும் தாங்காது. ஆனால் 2005-க்குப் பிறகு மும்பையை நிறுத்திய மழைகள் 94 சென்டி மீட்டர் மழைகள் அல்ல. 2017 ஆகஸ்டு 29-ந் தேதி சாந்தாகுருசில் பெய்தது சுமார் 33 சென்டி மீட்டர். 2019 ஜூலையில் மலாடில் சுவர் இடிந்து பலர் மாண்ட நாளில் பெய்தது சுமார் 37 சென்டி மீட்டர். இவை இந்த நகரத்துக்குத் தெரியாத மழைகள் அல்ல. நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தைக் காட்டி, அடிக்கடி வரும் வெள்ளத்துக்கு மன்னிப்புக் கேட்கக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மித்தி ஆறு தலை முதல் கடல் வரை ஒரே பொறுப்பில் வரவேண்டும். முதல்-மந்திரி தலைவராக இருப்பது போதாது. ஆண்டு முழுவதும் அந்த ஒரு வேலையையே பார்க்கும் ஓர் அதிகாரி, ஒரு கணக்குப் புத்தகம், ஒரு தேதி வேண்டும். குர்லாவில் தண்ணீர் வந்தால் யாரைக் கேட்பது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது.

இரண்டாவது, மத்திய அரசு மும்பைக்குத் தரக்கூடிய பெரிய உதவி ரூபாய் அல்ல, நிலமும் அனுமதியும். ரெயில்வே, விமான நிலையம், உப்பள நிலம் மூன்றும் அதன் கையில் உள்ளன. வெள்ளத் தடுப்புக்குக் கேட்கும் இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டும் என்று விதி வைக்கலாம். 'இல்லை' என்றால் காரணத்தை வெளியிட வேண்டும்.

மூன்றாவது, தூர் வாரிய கணக்கு வார்டு ஆபீசின் வாசலில் மே 31-ந் தேதிக்குள் பலகையில் எழுதப்பட வேண்டும். எந்த நாலா, எத்தனை லாரி, எங்கே கொட்டப்பட்டது, யார் ஒப்பந்தக்காரர், எவ்வளவு பணம் என்பது மராட்டியிலும் இந்தியிலும் இருந்தால் போதும். நாலா ஓரத்தில் குடியிருப்பவனுக்குத் தெரியாத லாரி அந்தப் பக்கம் வந்திருக்க முடியாது. அவனைவிட நல்ல ஆடிட்டர் கிடைக்கமாட்டான்.

நான்காவது, தடுப்புக்கென்று ஒதுக்கிய ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு கிடப்பில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாநிலமும் சட்டசபையில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். சேத மதிப்புக்கு மத்திய அரசும் மாநில அரசும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். அப்போது 37 ஆயிரத்துக்கும் 276-க்கும் இடையில் மக்கள் நசுங்கமாட்டார்கள்.

ஐந்தாவது, நிவாரணத்துக்கு வீட்டின் அங்கீகாரம் நிபந்தனையாக இருக்கக் கூடாது. அன்று அங்கே குடியிருந்தாரா என்பது ஒன்றே கேள்வியாக இருக்க வேண்டும். மின்சார பில், பள்ளிக்கூடச் சான்று, முதலாளி கொடுக்கும் சீட்டு எதுவானாலும் ஏற்க வேண்டும்.

தமிழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்கும் நலச் சங்கங்களுக்கும் குறைவில்லை. வெள்ளம் வந்தால் சோறு பொங்கிப் போடுவதில் அவை முன்னால் நிற்கின்றன. அதே சங்கங்கள் மே மாதத்தில் இரண்டு பேரை அனுப்பி நாலாவைப் பார்த்துவரச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் சால்வாசிகளின் காகிதங்களை மழைக்கு முன்பே சரிபார்த்துக் கொடுக்கலாம். வெள்ளம் வடிந்ததும் பஞ்சநாமா எழுத தாசில்தார் அலுவலகத்தில் இருந்து ஆள் வரும்போது, வாடகைக்கு இருப்பவரின் பெயரும் அதில் எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கினால் மாநகராட்சியின் 1916 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம். சொன்ன புகாருக்குத்தான் சாட்சி உண்டு.

அடுத்த ஜூன் மாதமும் மழை வரும். தாமிரபரணியிலும் ஒரு நாள் மீண்டும் தண்ணீர் வரும். அப்போது மந்திரிகள் ஹெலிகாப்டரில் வந்து பார்ப்பார்கள், கோடிகளை அறிவிப்பார்கள். அந்தக் கோடிகளில் ஒரு பங்கையும், ஒரு கையெழுத்தையும், மழைக்கு முன்பே கேட்டு வாங்குவதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.